நடுக்காம்பராத் தகரம்

சோலைமலை தகரத்தைக் கழற்றிய அன்று லெட்சுமி வீட்டில் இல்லை. அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் கழற்றினான் என்று பிறகு லயத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று அவனும் மனசுக்குள் சத்தியம் பண்ணிப் பார்த்தான். சத்தியம் நிற்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நெடுநாளைக்குப் பிறகு வெயில் வந்திருந்தது. தேயிலைச் சரிவுக்குக் கீழே கொத்மலை அணைத் தண்ணீர் பளபளத்துக்கொண்டு கிடந்தது. சோலைமலை லயத்து வரிசை வீட்டில் தன் பழைய ஒற்றையறைக் காம்பராவின் கூரைமேல் குந்தியிருந்து, துருப்பிடித்த ஆணிகளைக் கடப்பாரை நுனியால் நெம்பிக்கொண்டிருந்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சின்னத்தம்பி. லயத்தின் கடைசிக் காம்பராக்காரன். சோலைமலைக்கு மச்சான் முறை.

"ஏன்டா மாப்புள, புது வீட்டுக்குப் போனவங்க பழைய வீட்டு மேல ஏறி டான்ஸ் ஆடணும்னு சட்டமா?"

"மச்சான், ஏணியப் புடி. வாய மூடு."

"ரெண்டையும் ஒண்ணா செய்ய முடியாதுடா. பழக்கமில்ல."

தீபாவளிக்குப் பிறகுதான் சோலைமலைக்கும் ஜெயந்தினிக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனி வீடு கிடைத்தது. வீடு கிடைத்தவர்கள் பழைய காம்பராவை உடைத்துவிட வேண்டும் என்பது தோட்டத்து உத்தரவு. உடைத்த சாமான் உடைத்தவனுக்கு. அடுத்த காம்பரா லெட்சுமிக்கு வீடு கிடைக்கவில்லை. அடுத்த கட்டத்தில் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை.

இப்படிக் காம்பரா உடைப்பதில் லயத்துக்குள் ஒரு வழக்கம் இருந்தது. லயத்துக் குறுக்குச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஆள் கையைத் தூக்கினால் எட்டும் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே தகரம் வரைக்கும் வெட்டவெளி. ஒரு காம்பராவில் மிளகாய் வறுத்தால் பக்கத்துக் காம்பராவில் தும்முவார்கள். அதனால் ஒருவன் தன் கூரையைப் பிரித்தாலும் சுவரை ஒட்டிய வரிசையை மட்டும் விட்டுவிட வேண்டும். பக்கத்துக் காம்பராவின் சட்டங்கள் சுவரைத் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் அந்தத் தகரம்தான் பக்கத்து வீட்டுக்கு மழை அடிக்காமல் காக்கும். சுவரோரத் தகரம் என்பார்கள். யார் காசில் வாங்கியிருந்தாலும் அது பக்கத்துக் காம்பராவுக்குத்தான்.

சோலைமலையின் காம்பரா நடுக்காம்பரா. ஒரு பக்கத்துக் காம்பரா முன்பே காலியாகிக் கிடந்தது. மறுபக்கம் லெட்சுமி. அவள் பக்கத்துச் சுவர் வரைக்கும் கழற்றி வந்தவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு கடப்பாரையைத் தகரத்துக்கு அடியில் கொடுத்தான்.

"மாப்புள, அது சுவரோரம்."

"தெரியும்."

"தெரிஞ்சா விட்டுட்டு எறங்கு."

"மச்சான், இது இல்லாட்டி மெஷினுக்குப் போடுற செட்டுக் கூரை நீளம் பத்தாது. மரத்தோட ஒரு முனை மழையில நிக்கும். மரக்கட ஸுஹைர் நானா புதன்கிழம பாக்க வாறாரு. அவரு பாத்துட்டுப் போகட்டும். பொறகு வேற தகரம் தேடிக் கொண்டாந்து நானே அடிச்சுக் குடுக்குறேன்."

"லெட்சுமி அக்காகிட்ட ஒரு வார்த்த…"

"அக்கா ஆஸ்பத்திரில. மக நிலக்ஷிக்குப் பிள்ளவலி வந்து கூட்டிட்டுப் போயிருக்கு. அங்க போயி தகரத்தப் பத்தியா பேசுறது? இந்தப் பக்கம் மழையும் அடிக்காது மச்சான். காத்து எப்பவும் மேக்காலதான்."

சின்னத்தம்பி ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். அவனால் வாயை மூட முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

*

தோட்டத்துத் தொழிற்சாலையை மூடியபோது வேலை போனவர்களில் சோலைமலையும் ஒருவன். மெஷின் பக்கத்திலேயே வளர்ந்த கை சும்மா இருக்குமா? பழைய வேன் இஞ்சின் ஒன்றை வாங்கினான். லொறிச் சக்கரம் இரண்டைத் தேடிப் பிடித்தான். அவற்றைச் சுற்றி ஓடும் நீள வாள்பட்டி ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்தான். புது வீட்டுக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டம் போட்டு நிறுத்தி ஓட்டியபோது, மரம் சோப்புக்கட்டி மாதிரி அறுந்தது. காற்றில் விழுந்த சவுக்கு மரங்களை ஆட்கள் கொண்டுவந்து அறுத்துப் போனார்கள்.

ஆனால் மழைக்கு மெஷின் திறந்து கிடந்தது. பொலித்தீன் போர்த்தினால் காற்று உருவிக்கொண்டு போகும். பெல்ட் நனைந்து வழுக்கும். அறுத்த பலகை பூஞ்சணம் பிடிக்கும். தலவாக்கலையில் கதவு, ஜன்னல் செய்து விற்கும் ஸுஹைர் நானா பலகையைக் கையில் வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அறுப்பு நல்லம் சோலைமலை. ஆனா ஈரம். கூரை ஒண்டப் போடு, வந்து பாக்குறன். சரியா இரிந்தா கடைக்கு வேண்டிய மரமெல்லாம் ஒனக்குத்தான். இல்லாட்டி நான் வேற ஆளப் பாக்க வேணும்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பாடும். தூண்களுக்கு ஓடையில் விழுந்து கிடந்த டர்பன்டைன் மரத்தைத் தன் மெஷினிலேயே சதுரமாக அறுத்துக்கொண்டான். இடிந்த மாட்டுக்கொட்டிலின் சட்டங்களைக் கேட்டு வாங்கி வந்தான். வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினான். பழைய ஓட்டைகளுக்குப் பால்மா டின்னில் தார் உருக்கி ஊற்றினான். ஆணிக்கும் தகரத்துக்கும் இடையே வைக்க ரப்பர் வேண்டியிருந்தது.

"என்னாங்க, என் செருப்பு எங்க?"

திங்கட்கிழமை மத்தியானம் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்த ஜெயந்தினி வெறுங்காலோடு நின்றாள்.

"அறுந்து கெடந்துச்சே, அது."

"அறுந்தது ஒண்ணு. நீங்க வெட்டுனது ரெண்டு."

"ஒத்தச் செருப்ப வச்சுக்கிட்டு நீ என்னா செய்யப்போற?"

"ஒங்கள அடிக்கலாம்ல?"

சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மெஷினுக்கு நேர் மேலே, கூரையின் நடுவில், ஓட்டை குறைந்த நல்ல தகரங்களாகப் பார்த்து அடித்திருந்தான். அதில் ஒன்றில் சதுரமாக ஒரு ஒட்டு இருந்தது.

"அது நான் டின்ன வெட்டி ஒட்டுன தகரம். செவுத்து மேல இருந்தது."

சோலைமலை ரொட்டியைப் பிய்த்தான்.

"லெட்சுமி அக்காகிட்ட சொன்னீங்களா?"

"வந்தொடனே சொல்றேன்."

"சொல்றதா, கேக்குறதா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சம்பலில் உறைப்பு அதிகமாக இருந்ததைக்கூட அவன் சொல்லவில்லை.

*

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. காற்று மேற்கிலிருந்து வரவில்லை. கொத்மலைப் பக்கமிருந்து, கிழக்கே இருந்து, சரிவேறி வந்து அடித்தது. புதுக் கூரையின்மேல் மழை விழும் சத்தம் சோலைமலைக்குக் கேட்கக் கேட்க இனித்தது. ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தான், காய்ந்திருந்தது.

"தம்பி, வேலையா இருக்கியா?"

தலையில் கொழுந்துக்காரிகள் மழைக்குப் போடும் கொங்காணியோடு, செட்டின் விளிம்புக்கு வெளியே லெட்சுமி நின்றாள். தகரத்திலிருந்து வடிந்த தண்ணீர் அவளுக்கு முன்னால் திரை மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா! எப்ப வந்தீங்க? என்னா புள்ள?"

"பொம்பளப் புள்ள. காலையிலதான் ஆஸ்பத்திரில துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புனாங்க."

"நல்லது, நல்லது. நிலக்ஷி எப்படி இருக்கு?"

"இருக்கா. கூதல்தான் கொஞ்சம்."

"உள்ள வாங்கக்கா, நனையிறீங்க."

"பரவால்லப்பா. காலு பூரா சேறு. உன் வேலைய கெடுக்கல. ஓரப்பலகை வெட்டி ஒதுக்குவியே, பட்டையோட… அதுல நாலஞ்சு இருந்தா குடேன். செவுத்து மேல கொஞ்சம் அடைக்கணும். சாக்கு கட்டிப் பாத்தேன், காத்துக்கு நிக்க மாட்டேங்குது."

அவள் அண்ணாந்து பார்ப்பாள் என்று சோலைமலை காத்திருந்தான். என் வீட்டுத் தகரத்தையாடா புடுங்கினாய் என்று ஒரு சத்தம் போட்டிருந்தால், அவனிடம் பதில் தயாராக இருந்தது. ஸுஹைர் நானா, புதன்கிழமை, வேறு தகரம், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். அவள் பார்க்கவில்லை. அவன் மெஷினைப் பார்த்தாள், குவிந்திருந்த மரத்தூளைப் பார்த்தாள், ஓரப்பலகைக் குவியலைப் பார்த்தாள். கூரையை மட்டும் பார்க்கவில்லை.

அந்தச் சுவரின் மேல் வெளி வழியாக இருபது வருசமாக என்னென்ன போயிருக்கும்? சோலைமலை குடித்துவிட்டு வந்த நாட்களில் ஜெயந்தினி அழுதது போயிருக்கும். அவன் போட்ட கெட்ட சத்தம் போயிருக்கும். வேலை போன அன்று அவனே அழுதது போயிருக்கும். மறுநாள் பைப்படியில் பார்க்கும்போது லெட்சுமி, "தம்பி, பிளேன்டீ குடிச்சிட்டியா?" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வந்ததில்லை.

"அது வந்துக்கா… நானே வந்து நல்லா அடிச்சுத் தாறேன். நாளைக்கு ஒரு ஆளு மெஷினப் பாக்க வாறாரு. அவரு போனொடனே வந்துடுறேன்."

"வா. இன்னைக்கு ஒரு நாளச் சமாளிச்சுட்டாப் போதும்."

பலகைகளை அவனே கட்டி அவள் தலையில் தூக்கி வைத்தான். போகத் திரும்பியவள் நின்று, "செட்டு நல்லா வந்திருக்கு தம்பி" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகத்தான் சொன்னாள். ஒரு அறை கொடுத்திருந்தால் தேவலை போலிருந்தது அவனுக்கு.

அப்போதே ஏணியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போயிருக்கலாம். போகவில்லை. நாளைக்கு ஒரு நாள்தானே என்று மெஷினுக்கு எண்ணெய் விட உட்கார்ந்தான்.

*

புதன்கிழமையும் விடாத மழை. ஸுஹைர் நானா ஆட்டோவில் வந்து இறங்கினார். குடையை மடக்கிவிட்டுச் செட்டைச் சுற்றி வந்தார். தூணை ஆட்டிப் பார்த்தார். தரையில் கையை வைத்து ஈரம் பார்த்தார்.

"வேலைக்காரன்தான் நீ. எங்கால பொறுக்கின சாமான் இதெல்லாம்?"

"அங்கங்க நானா. எல்லாம் பழசுதான்."

கூரையிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு அவருடைய வெள்ளைச் சட்டைத் தோளில் விழுந்தது. தகரத்தின் உட்பக்கத்துப் புகைக்கரி ஈரக் காற்றில் இளகி வடிந்துகொண்டிருந்தது. அறுத்து அடுக்கிய பலகைமேலும் அங்கங்கே கறுப்புப் புள்ளி.

"அடேய், இது எத்தின வருசத்துப் புகை!"

"அடுப்புக் கரி நானா. தொடச்சு விட்டாப் போயிடும்."

யார் வீட்டு அடுப்பு என்று அவர் கேட்கவில்லை. பாதி லெட்சுமி வீட்டு அடுப்பு என்பது சோலைமலைக்குத் தெரியும்.

இஞ்சினை ஓட விட்டு ஒரு சவுக்குத் துண்டை அறுத்துக் காட்டினான். வாள் இரைந்தது, தகரத்தில் மழை இரைந்தது. அந்த நேரத்தில்தான் லயத்துப் பக்கமிருந்து ரோட்டில் அவர்கள் வந்தார்கள். முன்னால் சின்னத்தம்பி ஒரு பாயைச் சுருட்டித் தலையில் வைத்திருந்தான். பின்னால் லெட்சுமி குடையைப் பிடித்திருந்தாள். குடைக்குள்ளே நிலக்ஷி துணிப்பொட்டலமாகக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி, அடி அடியாக வைத்து நடந்தாள். மேலே பிள்ளைக்காம்பராவுக்குப் போகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். அங்கேதான் ஒழுகாத கூரை இருக்கிறது.

ஸுஹைர் நானா இரைச்சலுக்கு மேலே கத்தினார்: "பச்சப் புள்ளயத் தூக்கிட்டு இந்த மழைக்குள்ள எங்க போறாங்க? ஒன்ட ஆக்களா?"

சோலைமலையும் இரைச்சலுக்கு மேலே கத்தினான்.

"தெரியல நானா! யாரோ லயத்து ஆளுங்க!"

குடை ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது.

தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்ற ஜெயந்தினி, தட்டை அறுத்த பலகைமேல் வைத்தாள். வீட்டுக்குள் போய் ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு, புருசனைத் திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் இறங்கி அந்தக் குடையின் பின்னால் ஓடினாள்.

"நாளைக்கு மரம் அனுப்புறன்" என்றார் ஸுஹைர் நானா. "லொறி வந்தா ஒடன எறக்கி உள்ள போட்டுடு. ஒரு நாளும் நனைய விடாத. சரியா?"

"சரி நானா."

இந்த வார்த்தைக்காகத்தான் அவன் வாரக்கணக்காக ஆணி நிமிர்த்தினான். கேட்டபோது சந்தோசம் வரவில்லை. தேத்தண்ணியை அப்படியே மரத்தூளில் கவிழ்த்தான்.

*

ஜெயந்தினி பொழுது சாயத்தான் வந்தாள். ஈரச் சேலையோடு அடுப்படியில் உட்கார்ந்தாள்.

"புள்ளைக்கு…"

"ஒண்ணுமில்ல. பகல்ல பிள்ளைங்க வாற எடத்துல பச்சப் புள்ளைய வச்சுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. லயத்து ஆளுங்க சேந்து என்னமோ அடைச்சுக் குடுத்து, திரும்பக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"என்னைய ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமே?"

"ஒங்களையா?" அவள் விறகைத் தள்ளினாள். "தெரியாத ஆள எப்படிக் கூப்புடுறது?"

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. சோலைமலை எதையோ கேட்க வாயெடுத்தான்.

"நீங்க கத்துனது அக்கா காதுல விழுந்துச்சான்னு மட்டும் கேக்காதீங்க" என்றாள் ஜெயந்தினி. "கேட்டா நான் சொல்லிடுவேன்."

*

விடிந்ததும் சோலைமலை கூரையில் ஏறினான். மெஷினுக்கு நேர் மேலே இருந்த சுவரோரத் தகரங்களைக் கழற்றினான். போட்டபோது ரப்பர் வைத்து இறுக்கி அடித்த ஆணிகள், கழற்றும்போது கையைக் கிழித்தன. கூரையின் நடுவில் வானம் தெரிந்தது. ஒவ்வொன்றாகத் தலையில் தூக்கிக்கொண்டு லயத்துக்கு நடந்தான். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட முகம் இல்லை.

லயத்து வாசலுக்கு வந்தவன் நின்றுவிட்டான். கதவுகள் இல்லை. சின்னத்தம்பி காம்பராவில் கதவு இல்லை, பழைய சேலை தொங்கியது. அதற்கடுத்த காம்பராவிலும் சேலை. அதற்கடுத்ததில் உரச்சாக்கு. கதவுகளெல்லாம் லெட்சுமி வீட்டுச் சுவரின்மேல் வரிசையாக நின்றன. நீலக் கதவு, பச்சைக் கதவு, சாமி படம் ஒட்டிய கதவு. கம்பி போட்டு இறுக்கியிருந்தார்கள். அவன் கொடுத்த ஓரப்பலகைகள் முற்றத்தில் நனைந்து கிடந்தன.

லெட்சுமி வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் கொழுந்துக்கூடையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்றாள். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து துடைத்துப் போட்டாள். "உக்காருங்க."

இருபது வருசமாக அந்த இஸ்தோப்புத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தவன். வாடா தம்பி, போடா தம்பி என்று அவள் வாயால் கேட்டவன். நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா… தகரத்தைக் கொண்டாந்திருக்கேன்."

"எதுக்குங்க? ஒங்க மிஷின் நனையுமே."

"அக்கா, நான் நேத்து…"

"பிளேன்டீ குடிக்கிறீங்களா?"

கடையிலிருந்து வாங்கி வைத்த கண்ணாடிக் கப்பில், கீழே தட்டு வைத்துக் கொடுத்தாள். அந்தக் கப்பு கணக்கப்பிள்ளை வந்தால் எடுப்பது. சோலைமலை நின்றபடி, நாக்கு வேக வேகக் குடித்தான்.

சின்னத்தம்பி சேலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். தகரத்தைப் பார்த்தான். ஏதாவது நையாண்டி பண்ணுவான் என்று சோலைமலை எதிர்பார்த்தான், பண்ணினால் நல்லது என்றும் நினைத்தான். சின்னத்தம்பி பல் விளக்கப் பைப்படிக்குப் போய்விட்டான்.

கூரையில்லாத தன் பழைய காம்பராவுக்குள், கணுக்கால் தண்ணீரில், சோலைமலை ஏணியைத் தானே சாத்தி ஏறினான். லெட்சுமி பக்கத்துச் சட்டங்களின் நீட்டிய நுனிமேல் தகரங்களை ஒன்றின்மேல் ஒன்று விளிம்பு ஏறும்படி பரத்தினான். முதல் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினான்.

"கொஞ்சம் பொறுங்க" என்று கீழேயிருந்து லெட்சுமியின் குரல், அடக்கமாக வந்தது. "புள்ள இப்பத்தான் கண் அசந்துச்சு. ராத்திரி பூரா தூங்கல."

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

காற்று வந்தது. மறுபடியும் கிழக்கே இருந்து. ஆணி இல்லாத தகரம் விளிம்பு தூக்கி ஆடியது. தட தடவென்று ஒரு சத்தம் எழப் போன கணத்தில், சோலைமலை அப்படியே குப்புறப் படுத்துக் கையையும் காலையும் விரித்து அதை அமுக்கிக்கொண்டான். தகரம் அடங்கியது. முதுகில் மழை விழத் தொடங்கியது.

கன்னத்தைத் தகரத்தில் வைத்துப் படுத்திருந்தவனுக்கு ரோடு தெரிந்தது. ஸுஹைர் நானாவின் லொறி மரங்களோடு வளைவில் திரும்பி, அவன் வீட்டு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கினான். செட்டுக்குள் போய் அண்ணாந்து பார்த்தான், நனைந்துகொண்டிருந்த மெஷினைப் பார்த்தான். வீட்டுக் கதவைத் தட்டினான். ஜெயந்தினி விடியவே கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டாள். டிரைவர் போனை எடுத்துக் காதில் வைத்தான். யாரோடு பேசுகிறான் என்பது சோலைமலைக்குத் தெரியாததல்ல.

வாய்விட்டு ஒரு சத்தம் போட்டால் கேட்கிற தூரம்தான்.

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு டிரைவர் ஏறினான். லொறி முன்னும் பின்னுமாக நகர்ந்து, மரங்களை ஏற்றியபடியே தலவாக்கலைப் பக்கம் திரும்பியது.

சோலைமலை வாயைத் திறக்கவில்லை. காற்று இன்னொரு தரம் தகரத்தைப் பிடித்து இழுத்தது. அவன் இன்னும் அழுத்திப் படுத்துக்கொண்டான். கீழே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.